கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போடுங்கள்

பெங்களூரில் தொழில்நுட்ப வேலைக்கு உத்தரவு வாங்கும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பலர் உண்டு. கே.ஜி.எப்.பிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். உத்தரவு கைக்கு வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் புத்தி பெரும்பாலும் ஒன்றுதான்: "கிடைத்ததே பெரிது. சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காதே. கையெழுத்துப் போட்டுக் கொடு."

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

சங்கம் பேசிய காலம்

எச்.ஏ.எல். 1940-லும், ஐ.டி.ஐ. 1948-லும், எச்.எம்.டி. 1953-லும், பி.இ.எல். 1954-லும் தொடங்கப்பட்டன. அங்கே பிட்டராகவோ டர்னராகவோ சேர்ந்தவர் தம் சம்பளத்தைத் தாமே பேசியதில்லை. இன்ன கிரேடுக்கு இன்ன அடிப்படைச் சம்பளம், இன்ன பஞ்சப்படி என்று எல்லோருக்கும் தெரியும். உயர்வு வேண்டுமானால் சங்கம் பேசும்.

1980 டிசம்பர் முதல் 1981 மார்ச் வரை 77 நாட்கள், இந்நகரின் பொதுத்துறை ஆலைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை நிறுத்தம் செய்தார்கள். பி.எச்.இ.எல். தொழிலாளருக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பது கோரிக்கை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டவர் எவரும் தனி ஆளாக நிற்கவில்லை.

இன்றைய கம்ப்யூட்டர் கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரர் என்ன வாங்குகிறார் என்பதே தெரியாது. பையனோ பெண்ணோ தனியாகத்தான் பேச வேண்டும். உத்தரவு வந்த நாளுக்கும் கையெழுத்துப் போடும் நாளுக்கும் இடைப்பட்ட சில நாட்களே அதற்கு வாய்ப்பு.

ஆறு லட்சம் எவ்வளவு?

ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000 கைக்கு வரும் என்று எண்ணி வீடு பார்ப்பவர்கள் உண்டு. அது தவறு. உத்தரவில் 'சி.டி.சி.' என்று இருப்பது, அந்த ஊழியருக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை.

ஓர் உதாரணம் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். வேலைத் திறனைப் பார்த்து ஆண்டுக் கடைசியில் தருவதாகச் சொல்லும் தொகை, மாதத்துக்கு 5,000. கம்பெனி கட்டும் பிராவிடண்ட் பண்டு 3,000. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 1,200. இன்சூரன்சு 800. இவை போக மிஞ்சுவது 40,000. அதிலும் ஊழியர் பங்கு பி.எப். 3,000, தொழில் வரி 200 பிடித்தால், கையில் வருவது 36,800 ரூபாய்தான்.

ஆகவே முதல் கேள்வி, "மாதம் கைக்கு எவ்வளவு?" இரண்டாவது, "ஆண்டுக் கடைசித் தொகை நிச்சயமா, அல்லது கம்பெனியின் லாபத்தைப் பொறுத்ததா?"

எப்படிக் கேட்பது?

கல்லூரியிலிருந்து நேரே வருபவருக்குச் சம்பளத்தை உயர்த்திக் கேட்க இடம் குறைவு. ஆனால் சேரும் தேதி, வேலை செய்யும் ஊர், ஊர் மாறி வரும் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். பல மாத வாடகையை அட்வான்சாகக் கேட்கும் இந்த ஊரில், சேரும்போது கிடைக்கும் ஒரு தொகை பெரிய உதவி.

அனுபவம் உள்ளவர் தயங்க வேண்டியதில்லை. "கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்" என்று கெஞ்சுவதை விட, "இந்த வேலையில் இத்தனை ஆண்டு அனுபவம், இவ்வளவு எதிர்பார்க்கிறேன்" என்று காரணத்துடன் ஒரு தொகையைச் சொல்வது நல்லது. மரியாதையாக ஒரு முறை கேட்டதற்காக உத்தரவைத் திரும்ப வாங்கும் கம்பெனி அரிது. ஆனால் பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது ஆபத்து. சம்பளச் சீட்டையும் பி.எப். கணக்கையும் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எழுத்தில் இருக்கட்டும்

போனில் சொன்னது காற்றோடு போகும். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்க வேண்டும். எழுத்து வந்த பிறகும் எச்சரிக்கை தேவை.

2023 பிப்ரவரியில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று உத்தரவு பெற்றுக் காத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. பெரும்பாலோர் சம்மதித்தார்கள். இன்போசிஸ் நிறுவனத்தில் 2022-ல் உத்தரவு பெற்ற பலர் 2024 வரை காத்திருந்தார்கள். சேரும் தேதி உறுதியாகும் வரை கையில் இருக்கும் வேலையை விடலாகாது என்பதற்கு இவையே சாட்சி.

பாண்டு பத்திரத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விஜயா வங்கியில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அது செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "சும்மா ஒரு பாரம்" என்று கையெழுத்துப் போட்டவர் பின்னால் பணம் கட்ட நேரலாம். விலகுவதற்கு முன் கொடுக்க வேண்டிய நோட்டீசு 30 நாளா, 90 நாளா என்பதும் முக்கியம். 90 நாள் காத்திருக்க அடுத்த கம்பெனி சம்மதிக்காமல் போகலாம்.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, நியமன உத்தரவை எழுத்தில் தருவது கட்டாயம். அதைக் கேட்பது உரிமை, கூச்சப்பட ஏதுமில்லை.

ஆண்டுக் கணக்கில் சம்பளப் பட்டியல் எழுதியும் படித்தும் பழகிய குமாஸ்தாக்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். பிள்ளையை வாய் மூடச் சொல்வதற்குப் பதில், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், பிடித்தம் எது, கைக்கு வருவது எது என்று அரை மணியில் பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.