ராக்கோழிகளின் தாமதக் கடிகாரம்

இரவு பதினொன்று. வீடு அடங்கிவிட்டது. பகலெல்லாம் அடித்துப்போட்டாற்போல் கிடந்தவர் அப்போதுதான் பளிச்சென்று விழித்துக்கொள்கிறார். அலமாரியை அடுக்கத் தோன்றுகிறது. பாதியில் விட்ட வேலை கூப்பிடுகிறது. கையில் போன் வேறு இருக்கிறது. படுக்கும்போது மணி இரண்டு. காலையில் மூன்று முறை அலாரம் அடித்தும் எழ முடியாது. 'சோம்பேறி', 'ராக்கோழி' என்று வீட்டில் பட்டம் கிடைக்கும். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு உள்ள பெரியவர்கள் பலருக்கு அன்றாடம் இதுதான்.

ஏ.டி.எச்.டி. என்றதும் வகுப்பில் இருப்புக்கொள்ளாமல் நெளியும் பையன்தான் நினைவுக்கு வருவான். அவன் இரவில் எப்படித் தூங்குகிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் கேட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோயறி கையேட்டில், தூக்கத்தில் அளவுக்கு மீறிப் புரள்வதும் இதன் அடையாளங்களில் ஒன்று. 1987 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பட்டியலிலிருந்து போனதே தவிர, புரள்வது நிற்கவில்லை.

விட்ட நூலை மறுபடி பிடித்தவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்து மனநல மருத்துவர் சாண்ட்ரா கோய். இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். 'ராத்திரி வந்துவிட்டது' என்று உடம்புக்குச் சொல்லும் தண்டோரா அது. எச்சிலைச் சோதித்து, அது எப்போது தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்கு இந்தத் தண்டோரா சுமார் ஒன்றரை மணி நேரம் பிந்துகிறது என்று 2017-இல் பாரிஸில் நடந்த மருத்துவ மாநாட்டில் கோய் சொன்னார். ஊர் பத்தரைக்குக் கண்ணயரும்போது, இவர்களின் உடம்பில் மணி ஒன்பதுதான் ஆகியிருக்கும். ஆனால் பள்ளி மணியும் அலுவலக வருகைப் பதிவும் ஊர்க் கடிகாரப்படிதானே நடக்கின்றன! தூக்கக் கடன் ஏறுவது அங்கேதான்.

தூக்கம் குறைந்தால் யாருக்குமே கவனம் சிதறும், மறதி வரும், சட்டென்று கோபம் வரும். ஏற்கெனவே கவனம் நிற்காதவரின் நிலையைக் கேட்க வேண்டாம். அசதியைப் போக்க மாலை ஆறு மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி குடிக்கிறார். காஃபின் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆக, பதினொரு மணிக்கும் அரை டம்ளர் காபி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

'சீக்கிரம் படு' என்ற அறிவுரையால் பெரிய பயனில்லை. உடம்பு தயாராகாதபோது படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். கடிகாரத்தின் முள்ளை முன்னுக்குத் தள்ளும் சாவி காலையில் இருக்கிறது. எழுந்ததும் கண்ணில் படும் வெளிச்சம் அன்றைய இரவு மெலடோனினை முன்கூட்டியே வரவழைக்கும். வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள்; ஐரோப்பாவில் இதற்கென்றே 10,000 லக்ஸ் விளக்கு விற்கிறார்கள். நம் டியூப்லைட் அறையில் சில நூறு லக்ஸ்தான்; மொட்டை மாடியின் காலை வெயிலில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழ வேண்டும். கஷ்டமான பகுதி அதுதான்.

மாத்திரையும் உண்டு. 2021-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், மாலையில் வெறும் 0.5 மில்லிகிராம் மெலடோனினை மூன்று வாரம் கொடுத்தார்கள். உடல் கடிகாரம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்னுக்கு வந்தது, ஏ.டி.எச்.டி. அறிகுறிகளும் 14 சதவீதம் குறைந்தன. நிறுத்திய இரண்டு வாரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. எந்த நேரத்தில் எடுப்பது என்பதுதான் இதில் சூட்சுமம். அதனால் நாமாக வாங்கி விழுங்குவது சரிவராது. ஏ.டி.எச்.டி.க்காகப் பகலில் எடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்தை மிகத் தாமதமாக எடுத்தாலும் தூக்கம் கெடும். மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றிப் பார்க்கலாம்.

எல்லாப் பழியையும் கடிகாரத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போலவும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் தோன்றினால், உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். இந்தக் கால் தொல்லை ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் அதிகம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. எனவே உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். உரத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். பகல் அசதியும் கவனக்குறைவும் அதனாலேயே வரக்கூடும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரக் கணக்கோடு போங்கள்: எப்போது படுத்தீர்கள், எப்போது தூங்கியிருப்பீர்கள், எப்போது எழுந்தீர்கள், கடைசிக் காபி எத்தனை மணிக்கு. தனி நோட்டு வாங்கினால் மூன்றாம் நாள் காணாமல் போய்விடும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமே போதும்.