எரர் வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தமா?

இன்னிக்குப் பேசப்போறது நான் பண்ண ஒரு தப்பைப் பத்தி. ரிப்போர்ட் வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமான தலைவலிதான். சாஃப்ட்வேரை அப்கிரேடு பண்ணுவாங்க, டேட்டா இருக்கிற லைப்ரரியோட பேர் மாறிடும். அந்தப் பேரை நம்பி இருந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் நாம புது இடத்துக்குத் திருப்பணும்.

முதல்ல லைப்ரரின்னா என்னன்னு சொல்லிடறேன். நான் வேலை பார்த்தது ஐபிஎம்மோட ‘ஐ’ சிஸ்டத்துல. 1988-ல ஏஎஸ்/400-ங்கிற பேர்ல வந்தது. இன்னமும் பேங்க், கிடங்குன்னு பல இடத்துல ஓடிக்கிட்டிருக்கு. மத்த டேட்டாபேஸ்ல ஸ்கீமான்னு சொல்றதை இங்க லைப்ரரின்னு சொல்வாங்க. டேபிள்களை எல்லாம் போட்டு வச்சிருக்கிற பெட்டின்னு நினைச்சுக்கோங்க. எங்க கிளையன்ட் அந்தப் பேரோட கடைசியில வெர்ஷன் நம்பரையும் சேர்த்திருந்தாங்க. பழைய ஸ்டாக் லைப்ரரி 61-ல முடியும், அப்கிரேடுக்கு அப்புறம் 72.

சனிக்கிழமை ராத்திரி அப்கிரேடு நடந்தது. டேட்டாவைப் புது லைப்ரரிக்கு காப்பி பண்ணாங்க. ஏதாவது ஆச்சுன்னா திரும்பிப் போகணுமேன்னு பழசை அழிக்கலை. நியாயம்தான். ஞாயித்துக்கிழமை நான் உட்கார்ந்து நாற்பது சொச்சம் கிரிஸ்டல் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொண்ணா மாத்தினேன். சாயங்காலம் எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்தேன். ஒண்ணுலகூட எரர் இல்லை. “முடிஞ்சுதுக்கா, எல்லாம் ஓடுது”ன்னு டீம் லீடுக்கு மெசேஜ் போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

புதன்கிழமை கிடங்கிலிருந்து போன். ஒரு பொருள் 300 பெட்டி இருக்குன்னு ரிப்போர்ட் காட்டியிருக்கு. அதை நம்பி ஒரு கடைக்கு வாக்கு கொடுத்துட்டாங்க. ரேக்ல போய்ப் பார்த்தா காலி. அந்த மேனேஜர் கத்தலை. “தம்பி, மூணு நாளா இந்த நம்பர் மாறவே இல்லையே, நீங்க யாரும் பார்க்கலையா?”ன்னு மட்டும் கேட்டார். கத்தியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு தோணுச்சு.

என்ன நடந்திருக்குன்னா, மெயின் ரிப்போர்ட்டை நான் 72-க்கு மாத்திட்டேன். ஸ்டாக் எண்ணிக்கை வர்ற சப்ரிப்போர்ட்டை மாத்தலை. அது 61-ஐயே படிச்சுக்கிட்டிருந்தது. பழைய லைப்ரரி அங்கேயே இருந்ததால எரர் எதுவும் வரலை. சனிக்கிழமை ராத்திரியோட நின்னுபோன கணக்கை ஒழுங்கா எடுத்துக் கொடுத்துக்கிட்டே இருந்தது.

அதனால, லைப்ரரி பேர் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கும்னு தெரிஞ்சுக்கோங்க. முதல் இடம், மெயின் ரிப்போர்ட்டோட டேபிள்கள். டேட்டாபேஸ் மெனுவுல ‘செட் டேட்டாசோர்ஸ் லொகேஷன்’ போனா, மேல பழைய கனெக்‌ஷன், கீழ புதுசு. ரெண்டையும் தேர்ந்தெடுத்து அப்டேட் அழுத்தணும். டேபிளோட ப்ராப்பர்ட்டீஸ்ல ‘ஓவர்ரிடன் குவாலிஃபைட் டேபிள் நேம்’னு ஒரு வரி இருக்கும். யாராவது எப்பவோ அதுல பழைய பேரை டைப் பண்ணி வச்சிருக்கலாம், பாருங்க. ரெண்டாவது இடம், நான் கோட்டைவிட்ட சப்ரிப்போர்ட். மூணாவது, ‘கமாண்ட்’. அதுல எஸ்கியூஎல்லை நாமளே எழுதியிருப்போம். பேர் அந்த வரிக்குள்ளயே இருக்கும், கையாலதான் மாத்தணும்.

மாத்தினதுக்கு அப்புறம் ‘ஷோ எஸ்கியூஎல் குவெரி’யைத் திறந்து, ‘ஃப்ரம்’முக்குப் பின்னாடி எந்த லைப்ரரி பேர் இருக்குன்னு கண்ணால பாருங்க. சப்ரிப்போர்ட்டுக்குள்ள போயும் இதையே செய்யுங்க.

இதைவிட நம்பகமான வழி ஒண்ணு இருக்கு. ரிப்போர்ட் யூசருக்குப் பழைய லைப்ரரியைப் படிக்கிற அனுமதியை எடுத்துடுங்க. டேட்டா பத்திரமா இருக்கும், ஆனா தப்பான இடத்துக்குப் போற ரிப்போர்ட் உடனே எரர் காட்டும். ஞாயித்துக்கிழமையே எனக்கு அந்த எரர் வந்திருந்தா, பத்து நிமிஷத்துல சரி பண்ணியிருப்பேன்.

அடுத்த அப்கிரேடுக்கும் இதே பாடு வேண்டாம்னா, ரிப்போர்ட்டுல லைப்ரரி பேரையே எழுதாதீங்க. டேபிள் பேரை மட்டும் வச்சா, ஓடிபிசி டிஎஸ்என்-ல கொடுத்திருக்கிற டிஃபால்ட் லைப்ரரியில தேடும். இல்லைன்னா நேமிங் கன்வென்ஷனை ‘சிஸ்டம்’னு வச்சு, டிஃபால்ட்டைக் காலியா விட்டா, லைப்ரரி லிஸ்ட்ல இருக்கிற வரிசைப்படி தேடும். பேர் மாறினா டிஎஸ்என்-ல மட்டும் மாத்தினா போதும். ஆனா அந்த லிஸ்ட்ல புதுசுக்கு முன்னாடி பழசு நின்னுச்சுன்னா, என் கதை உங்களுக்கும் நடக்கும்.

அந்தக் கடைக்கு வேற கிடங்கிலிருந்து சரக்கு அனுப்பி சமாளிச்சாங்க. மேனேஜர் மட்டும் ரெண்டு மாசம் ரிப்போர்ட்டை நம்பாம, தினமும் ஆளை விட்டு ரேக்கை எண்ணினார். நான் எதுவும் சொல்ல முடியலை.

இப்போல்லாம் “எல்லாம் ஓடுது”ன்னு நான் மெசேஜ் போடறதில்லை. “இன்னிக்குப் போட்ட என்ட்ரி ரிப்போர்ட்ல வந்துடுச்சு”ன்னு பார்த்துட்டுதான் போடறேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.