உள்ளங்கையில் தெரியும் இருதய நோய்

கிரேக்க நாட்டின் நக்சோஸ் தீவில் சில குடும்பங்களில் பிள்ளைகள் கம்பளி போன்ற சுருண்ட தலைமுடியுடன் பிறந்தார்கள். தவழ்ந்து, நடந்து, கைகால்களைப் பாவிக்கத் தொடங்கியதும் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப்போயின. அவர்களில் சிலர் இளவயதிலேயே திடீரென இறந்தார்கள். முடி, தோல், இருதயம் மூன்றையும் தொடுத்து, இது ஒரே பரம்பரை நோய் என்று அத்தீவின் வைத்தியர் நிகோஸ் புரோட்டோநோட்டாரியோஸும் சகாக்களும் 1986இல் எழுதினார்கள். தீவின் பெயரே நோய்க்கும் நிலைத்தது.

தோலுக்கும் இருதயத்துக்கும் என்ன உறவு? செங்கல்லோடு செங்கல்லைச் சாந்து பிடித்துவைப்பதுபோல, கலத்தோடு கலத்தைச் சில புரதங்கள் பிடித்துவைக்கின்றன. அவற்றில் ஒன்று பிளாக்கோகுளோபின். அதற்கான மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருப்பது 2000இல் தெரியவந்தது. நான் தமிழ் படிப்பிக்கிறவன். மாணவன் இரண்டு எழுத்தை விட்டு எழுதினாலும் பொருளை ஊகித்துக்கொள்வேன். உடலோ மரபணுவை மும்மூன்று எழுத்தாகவே வாசிக்கும். இரண்டு விழுந்தால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பிழை.

சாந்து பலவீனமானால், ஓயாமல் இழுபடும் இடந்தான் முதலில் விடும். இருதயத் தசைக் கலங்கள் மடிய, அந்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் நிரப்புகின்றன; பெரும்பாலும் வலது கீழறையில். அதனால் மின்னோட்டம் தடுமாறி, துடிப்பு தறிகெட்டு ஓடுகிறது. மயக்கம் வருவதும் திடீர் மரணம் நேர்வதும் இதனால்தான்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால்தான் இந்நோய் வரும். ஒவ்வொரு பிரதி மட்டும் உள்ள பெற்றோர் சுகமாகவே இருப்பார்கள். ஆனால் அவர்களது ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. சொந்தத்துக்குள் கலியாணம் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமி மகளை முடிக்கும் நமது ஊர்களில் இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

நோயறிதல் குடும்பக் கதையைக் கேட்பதில் தொடங்குகிறது. பிறகு ஈசிஜி, எக்கோ, எம்ஆர்ஐ, 24 மணிநேரத் துடிப்புப் பதிவு, மரபணுப் பரிசோதனை. ஒரு பிள்ளைக்கு நோய் தெரிந்தால் கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும்.

மரபணுப் பிழையைத் திருத்தும் சிகிச்சை இன்னும் பாவனைக்கு வரவில்லை. ஆனால் உயிரைக் காக்க வழி உண்டு. கடும் விளையாட்டுப் போட்டிகளைத் தவிர்த்தல், துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து, துடிப்பு தறிகெட்டால் தானே மின்னதிர்வு கொடுத்துச் சீராக்கும் கருவியை உடலில் பொருத்துதல், இருதயம் மிகவும் தளர்ந்தால் மாற்று இருதயம்.

இந்நோய் அரிது. இதன் பாடம் அரிதல்ல. காலைக் கூட்டத்தில் பசியால் விழும் பிள்ளை வேறு, ஓடும்போது விழும் பிள்ளை வேறு. "கண்ணூறு பட்டிருக்கு" என்று தண்ணி ஓதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதைப் பாடசாலையில் கண்டிருக்கிறேன். ஓதுங்கள், ஈசிஜியும் எடுங்கள். சாச்சா ஒருவர் இளவயதில் திடீரென மௌத்தாகியிருந்தால், "ஆயுசு அவ்வளவுதான்" என்று மூடிவிடாமல் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றக்கூடும்.