திமிங்கிலத்தின் காது, மானின் குளம்பு

ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்த பாறைகள், அவர் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவருடைய மனைவி அவற்றைத் தொல்லுயிரியலாளர் ஹான்ஸ் தெவிசனிடம் ஒப்படைத்தார். பாறையிலிருந்து எலும்புகளைப் பிரித்தெடுக்கும்போது உதவியாளரின் கை தவறி, ஒரு மண்டையோட்டின் காதெலும்பு உடைந்துவிட்டது. அந்த உடைப்புதான் எல்லாவற்றையும் மாற்றியது.

நடுக்காதை மூடியிருக்கும் எலும்பு சிறு கிண்ணம் போன்றது. உடைந்த கிண்ணத்தின் வெளிச்சுவர் மெல்லியதாகவும் உட்சுவர் நன்றாகத் தடித்தும் இருந்தன. இந்தத் தடிப்பு அதுவரை திமிங்கிலக் குடும்பத்தின் தனி அடையாளமாகக் கருதப்பட்டது. இங்கேயோ அது, சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு கால்களில் நடந்த, பூனையைவிடச் சற்றே பெரிய குளம்பு விலங்கின் காதில் இருந்தது! இந்தோஹையஸ் என்று 1971இல் அதற்குப் பெயரிட்டவரும் ரங்கா ராவ்தான். 2007இல் இந்த ஆய்வு ‘நேச்சர்’ இதழில் வெளியானபோது அவர் இல்லையே என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்தோஹையஸின் கால் எலும்புகளை அறுத்துப் பார்த்தால், வெளிப்புற அடுக்கு வழக்கத்தைவிடத் தடிமன். நீர்யானைக்கும் இப்படித்தான், அந்தக் கனம் நீருக்கடியில் கால் ஊன்றி நடக்க உதவுகிறது. பற்களில் பதிந்திருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளும் நீர்வாழ்க்கையையே காட்டின.

இன்று வாழும் விலங்குகளில் திமிங்கிலத்துக்கு நீர்யானையே நெருங்கிய உறவு என்று டிஎன்ஏ ஆய்வுகள் முன்பே சொல்லியிருந்தன. பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு, மான், மாடு, பன்றிகளுக்கு உரிய இரட்டை உருளை வடிவில் இருந்தது 2001இல் தெரியவந்தது. எகிப்தின் வாடி அல்-ஹிதான் பாலைவனத்திலோ, 15 மீட்டருக்கும் நீளமான பாசிலோசாரஸ் என்ற கடல் திமிங்கிலத்தின் உடலில் முழங்காலும் விரல்களுமாகக் குட்டிப் பின்னங்கால்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

தரையில் வாழ்ந்த விலங்கு ஏன் தண்ணீருக்குப் போனது? மீன் பிடிக்கத்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இந்தோஹையஸின் பற்களோ அது தாவரம் தின்றதையே உணர்த்துகின்றன. ஆப்பிரிக்காவின் நீர்ச் சருகுமான் கரையில் மேயும். கழுகைக் கண்டால் ஆற்றுக்குள் பாய்ந்து, நீருக்கடியில் பதுங்கிக்கொள்ளும். இந்தோஹையஸும் முதலில் உயிர் பிழைக்கவே நீரில் இறங்கியது, அங்கே இரை தேடும் பழக்கம் திமிங்கில மரபுக்குப் பின்னால்தான் வந்தது என்கிறார் தெவிசன்.