இருபது மாடி, எட்டு வாளி

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஊறுகாய் வைப்பவர் நகர நகர, பின்னாலேயே பொரியல், கூட்டு, அப்பளம், சோறு, சாம்பார். எல்லா இலைக்கும் ஊறுகாய் விழுந்த பிறகுதான் பொரியல் வாளியைத் தூக்குவது என்றால் சோறு வருவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்வேலையும் இப்படித்தான் ஓடுகிறது. மாடிதான் இலை. சுவரைக் கொத்திக் குழாய் பதிப்பவர்கள் முன்னால் போவார்கள். பிறகு பூச்சு, பாத்ரூம் வாட்டர்புரூஃபிங், டைல்ஸ், பட்டி, கதவு, பெயிண்ட். கடைசியில் சுவிட்சும் தண்ணீர்க் குழாய்த் திருகும். எட்டுக் குழு. ஒரு மாடிக்கு ஒவ்வொன்றும் ஒரு வாரம் எடுத்தால் 20 மாடிக்கு 27 வாரம். ஒரு குழு கட்டடம் முழுவதையும் முடித்தபின் அடுத்த குழு என்றால் 160 வாரம்!

சாம்பார்க்காரர் என்னதான் ஓடினாலும் சோறு விழாத இலையில் ஊற்ற முடியாது. டைல்ஸ் குழு மட்டும் மாடிக்கு இரண்டு வாரம் எடுத்தால், 27 வாரம் 47 ஆகிவிடும். மற்ற ஏழு பேரை விரட்டிப் பயனில்லை. இரண்டாவது டைல்ஸ் குழுவை இறக்கி, ஒற்றைப்படை மாடி ஒருவருக்கு, இரட்டைப்படை மாடி மற்றவருக்கு என்று பிரித்தால் 28 வாரத்தில் முடியும்.

ஆனால் அவசரம் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் காட்டப்படுகிறது: காய்கிற நாட்களில். புளிக்காத மாவில் இட்லி கல்லாகும். பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு ஈரம் இறங்க வேண்டும். ஈரச் சுவரில் வைத்த பட்டி உப்பிக்கொண்டு உதிரும். அந்த மாடி சும்மா கிடப்பதுபோல் தெரியும். ஆனால் ஐந்தாம் மாடி காயும்போது ஆறாம் மாடியில் கொத்தனார் பூசிக்கொண்டிருக்கிறார். அதனால் மாடிக்கு 2 வாரம் காயவிட்டாலும், 20 மாடிக்கும் சேர்த்து அட்டவணையில் கூடுவது அதே 2 வாரம்தான். இதை மிச்சம் பிடிப்பதைவிட மோசமான சிக்கனம் கட்டட வேலையில் இல்லை.

சமையற்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே ஒரே வாசல் இருப்பதுபோல, தளத்தில் சாமான் ஏற்றும் லிஃப்டும் பொதுவானது. டைல்ஸ் பெட்டியும் சிமெண்டும் ஆட்களும் ஒரே நேரத்தில் அதற்குக் காத்து நின்றால் எல்லா வாளியும் நின்றுபோகும். ஆட்கள் வருமுன் சாமான் அந்தந்த மாடிக்குப் போய்விட வேண்டும்.

வீடு வாங்குகிறவர்கள் சாவி தேதியை மட்டும் கேட்காதீர்கள். பூச்சு எத்தனை நாள் காய்ந்தது, டைல்ஸ் ஒட்டுமுன் பாத்ரூமில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.