சைக்கிள் சீட்டும் புராஸ்டேட் தொந்தரவும்

சங்கக் கூட்டத்தில் நாம் பேசாத விஷயம் கிடையாது. ஜி.எஸ்.டி. கணக்கு, கடை வாடகை, தராசு முத்திரை, ஆன்லைன் வியாபாரம் என்று எல்லாவற்றையும் அலசி விடுகிறோம். ஆனால் கூட்டம் முடிவதற்குள் இரண்டு மூன்று தடவை எழுந்து வெளியே போய்வரும் மூத்த உறுப்பினர்கள், எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவரும் கேட்பதில்லை. பல சமயம் இருவருக்கும் ஒரே தொந்தரவாகத்தான் இருக்கும்.

அறுபது வயதைத் தொட்ட ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் புராஸ்டேட் சுரப்பி ஓரளவு பெரிதாகி விடுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலை நரைப்பது போல இதுவும் வயதோடு வருவது. இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் சைக்கிள் ஓட்டலாமா, ஓட்டினால் எப்படிப்பட்ட சீட் போட வேண்டும் என்பதைப் பற்றி நமது இதழில் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து மண்டிக்கும் இன்றும் சைக்கிளிலேயே போய்வரும் வியாபாரிகள் சிற்றூர்களில் நிறைய இருக்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் நல்லது என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாகச் சைக்கிள் வாங்கியவர்களையும் பார்க்கிறேன். புராஸ்டேட் என்று பெயர் கேட்டதும் சிலர் மறுநாளே சைக்கிளை விற்று விடுகிறார்கள். வேறு சிலர் அடிப்பகுதி மரத்துப் போவதையும் வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து ஓட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு மாற்ற வேண்டியது சீட்டைத்தான்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் சுரப்பி. வாலிபத்தில், நாம் விற்கும் அக்ரூட் ஓட்டோடு இருக்கும் அளவுதான் இருக்கும். எடை சுமார் 20 கிராம். வயதானபின் இது வளர்ந்து நடுவில் போகும் குழாயை நெருக்குகிறது. அதனால்தான் அடிக்கடி போக வேண்டியிருப்பதும், இரவில் எழுவதும், சொட்டுச் சொட்டாக வருவதும். சைக்கிள் ஓட்டுவதால்தான் இந்த வீக்கம் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உடலுழைப்பு உள்ளவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவாக இருப்பதாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து, வாடிக்கையாளரை விட்டு எழ முடியாமல் சிறுநீரை அடக்கி வைப்பது சைக்கிளைவிடக் கெடுதல் என்பது என் கருத்து.

அப்படியானால் சைக்கிளில் என்னதான் சிக்கல்? நாம் நாற்காலியில் உட்காரும்போது உடம்பின் பாரத்தை இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள் தாங்குகின்றன. சமமான கல்லின் மேல் உட்கார்ந்து அசைந்தால் அவை தட்டுப்படும். இவை பாரம் தாங்குவதற்கென்றே அமைந்தவை. ஆனால் சைக்கிள் சீட்டின் முன்பக்கம் மூக்குப் போல நீண்டு, கால்களுக்கு நடுவே, விதைப்பைக்கும் ஆசன வாய்க்கும் இடையிலுள்ள மென்மையான பகுதியில் அழுத்துகிறது. அந்த வழியாகத்தான் முக்கியமான நரம்புகளும் ரத்தக் குழாய்களும் போகின்றன. புராஸ்டேட்டும் அதற்குச் சற்று மேலே உள்ளேதான் இருக்கிறது. சுரப்பி வீங்கியோ அழற்சியாகியோ இருப்பவருக்கு அந்த அழுத்தம் வலியாக, எரிச்சலாக, உடனே போக வேண்டும் என்ற அவசரமாகத் தெரிகிறது.

இதைக் கருவி வைத்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்கள் உண்டு. நாள்தோறும் மணிக்கணக்கில் சீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு மறத்துப் போகும் தொந்தரவு வருவதாகப் புகார் எழுந்ததும், அந்நாட்டின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் ஆராய்ச்சியில் இறங்கியது. 5 பெருநகரப் பகுதிகளைச் சேர்ந்த 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கே இல்லாத சீட் கொடுத்து 6 மாதம் ஓட்டச் சொன்னார்கள். அதன் முடிவு 2008 இல் வெளியானது. நடுப்பகுதியில் விழும் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. மரத்துப் போவதே இல்லை என்று சொன்னவர்கள் ஆரம்பத்தில் நூற்றுக்கு 27 பேர். 6 மாதம் கழித்து 82 பேர். வேலைக்காகச் சைக்கிள் ஓட்டுபவர்கள் மூக்கில்லாத சீட் போடுவது நல்லது என்று 2009 இல் அந்த நிறுவனம் பரிந்துரையே வெளியிட்டது. ஆள் மாறவில்லை, சைக்கிளும் வேலையும் மாறவில்லை. சீட் மட்டுமே மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அட்டைப் பெட்டியே அளவுகோல்

சாம்பிள் பார்க்காமல் நாம் ஒரு மூட்டை பருப்பு இறக்குவோமா? சைக்கிள் சீட் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் கையில் கிடைத்ததை மாட்டி அனுப்ப, நாமும் ஓட்டி வந்து விடுகிறோம். சட்டைக்கும் செருப்புக்கும் அளவு இருப்பது போலச் சீட்டுக்கும் அளவு உண்டு. முதலில் பார்க்க வேண்டியது அகலம்.

இதற்கு விலை கொடுத்து ஒரு கருவியும் வாங்க வேண்டாம். சோப்போ பிஸ்கட்டோ வந்த அட்டைப் பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, கடை வாசல் படியிலோ கெட்டியான ஸ்டூலிலோ போடுங்கள். கால்களை ஒரு செங்கல்லின் மேல் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு நிமிடம் அழுத்தி உட்காருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். ஒரு குழியின் மையத்திலிருந்து மறு குழியின் மையம் வரை அளந்தால் அதுதான் உங்கள் எலும்பு அளவு. ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 13 செ.மீ.க்குள் இருக்கும். குனிந்து ஓட்டுகிறவர் இதோடு 2 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். நம்மைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகப் போகிறவர் 4 அல்லது 5 செ.மீ. கூட்டிக்கொள்ளலாம். ஒன்று நினைவிருக்கட்டும். பெட்டியில் போட்டிருக்கும் அகலம் ஓரத்திலிருந்து ஓரம் வரை. ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் நாம் உட்காரும் அகலம் அதைவிடக் குறைவு. மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

குறுகிய சீட்டில் எலும்புகள் இரண்டும் வெளியே தொங்கி, பாரம் முழுவதும் நடுவில் இறங்கிவிடும். அதற்காக அகலம் மிக அதிகமாக எடுத்தாலும் தொல்லைதான். தொடை உரசும், உரசலுக்குப் பயந்து நாம் முன்னால் நகர்வோம், கடைசியில் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருப்போம்.

அடுத்தது மெத்தை. பத்துப் பேரில் ஒன்பது பேர் ஏமாறுவது இங்கேதான். கடையில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, பஞ்சு போல இருந்தால் நல்ல சீட் என்று நினைத்து விடுகிறார்கள். மிகவும் மெதுவான சீட்டில் எலும்புகள் புதைந்து, நடுப்பகுதி மேலெழும்பி எங்கே அழுத்தக் கூடாதோ அங்கேயே அழுத்தும். ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும். அரை மணியில் மரத்துப் போகும். பழைய சீட்டின் மேல் மாட்டும் ஜெல் கவரும் இதே ரகம்தான். போதாததற்கு அது நகர்ந்து நகர்ந்து போகும். ஓரளவு கெட்டியாக, அழுத்தினால் உடனே மேலே வருகிற மெத்தைதான் நமக்கு வேண்டும். குண்டும் குழியுமான தெருவில் ஓட்டுபவருக்கு, பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் வைத்த சீட் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

பழைய தோல் சீட்டை மாற்ற மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். தோல் சீட் நல்லதுதான். நாளடைவில் நம் உடம்புக்கேற்பப் படிந்து கொள்ளும். ஆனால் தோல் தளர்ந்து தொட்டில் போலத் தொங்க ஆரம்பித்தால், முன் முனை தூக்கி நின்று இடிக்கும். மூக்கின் அடியிலுள்ள போல்ட்டை முறுக்கி இறுக்கிப் பார்க்கலாம். அதற்கும் சரியாகாவிட்டால் விடை கொடுத்துவிட வேண்டியதுதான்.

புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர் முதலில் பார்க்க வேண்டியது, நடுவில் நீளவாக்கில் வெட்டு விட்ட சீட். வெறும் பள்ளம் போட்டது போதாது; மேலிருந்து பார்த்தால் கீழே தரை தெரிய வேண்டும். சிலருக்கு அந்த வெட்டின் ஓரமே உறுத்தும். ஆகவே ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மூக்கு குட்டையாக இருப்பது இன்னும் நல்லது. இவற்றாலும் சரியாகாதவர் மூக்கில்லாத சீட்டுக்குப் போகலாம். அது நமது ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பாருங்கள். உங்கள் பழைய சைக்கிளின் கிளாம்பில் அது பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொடையால் மூக்கை அணைத்துத் திருப்பிப் பழகியவர்களுக்கு முதல் சில நாள் சைக்கிள் தடுமாறும். பஜார் நெரிசலில் இறங்குவதற்கு முன் காலி மைதானத்தில் பழகிக்கொள்வது நல்லது.

மாட்டுவதிலும் கணக்கு உண்டு

நல்ல சீட்டையே தவறாக மாட்டிக் கெடுத்தவர்கள் அதிகம். கொத்தனாரின் ரசமட்டத்தைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். சமமாக இருக்க வேண்டும், அல்லது முன் முனை இம்மியளவு தாழ்ந்திருக்கலாம். மேல்நோக்கி ஒருபோதும் இருக்கக் கூடாது. அதிகம் தாழ்த்தினாலோ முன்னால் வழுக்கி, கை மணிக்கட்டில் பாரம் ஏறும். உயரத்துக்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் அதற்கு மேல் உயர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடி நடுப்பகுதி தேயும். ஹேண்டில்பார் சீட்டின் உயரத்திற்குக் குறையாமல் இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். பாரம் எலும்பில் விழும்.

வியாபாரிகளுக்கென்று தனியாக ஒன்று. கேரியரில் அரிசிச் சிப்பத்தை வைத்துக் கட்டும்போது அது முதுகை முட்டி நம்மை முன்னே தள்ளிவிடுகிறது. அப்புறம் எந்தச் சீட் போட்டும் பயனில்லை. மூட்டையைப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள். வேட்டியை மடித்துக் கட்டி ஏறுபவர்கள், துணி சுருண்டு அடியில் முடிச்சாக நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தடையில் பெடலின் மேல் எழுந்து நில்லுங்கள். நேரான சாலையிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சீட்டை விட்டுச் சற்று எழும்பினால் ரத்த ஓட்டம் திரும்பும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

சீட்டை மாற்றிய பிறகும் மரத்துப் போவது நிற்காவிட்டால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலும் அப்படியே. சிறுநீர் அடியோடு நின்றுபோனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி; காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

சைக்கிளால் புராஸ்டேட் புற்றுநோய் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. 2014 இல் பிரிட்டனில் 5,282 ஆண் சைக்கிள் ஓட்டிகளிடம் விசாரித்த ஓர் ஆய்வு வந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டு, வாரத்தில் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்களிடம் இந்நோய் அதிகம் காணப்பட்டது. ஆனால் சைக்கிள்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. உடம்பில் அக்கறை உள்ளவர்கள் அடிக்கடி பரிசோதனை செய்துகொள்வதால் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம். தினம் அரை மணி நேரம் கடைக்குப் போய்வருகிறவர் இதற்குப் பயப்படத் தேவையில்லை.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால், அதற்கு முந்தைய 48 மணி நேரம் சைக்கிள் ஏறாதீர்கள். சீட்டின் அழுத்தத்தால் அளவு சற்றுக் கூடித் தெரியக்கூடும். கூடுவதில்லை என்ற ஆய்வுகளும் உண்டு. ஆனாலும் இரண்டு நாள் நடந்து போவதால் நமக்கு நஷ்டமில்லை, வீண் பயமும் மறுபரிசோதனைச் செலவும் மிச்சம். புராஸ்டேட்டை உள்ளிருந்து சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் வரை சைக்கிளைத் தொடக் கூடாது. சுரப்பியையே எடுத்துவிட்டவர்களுக்கு இன்னும் அதிக நாளாகும். அதை அறுவை செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் முதல் வாரம் தெருவுக்குள்ளேயே பத்து நிமிடம் ஓட்டி, சிறுநீரில் சிவப்பு தெரிகிறதா என்று கவனித்துவிட்டு, அதன் பிறகே மண்டிக்குச் சைக்கிளை எடுங்கள்.