மலபரிபாகமும் பொறுத்திருத்தலும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள திசையன்விளையைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் செம்மணல் தேரியாம். தாமிரபருணியின் நீர் நெடுங்காலம் எட்டாத அந்நிலத்தார்க்குப் பனையே பெரும்பொருளாயிற்று. பனங்கொட்டையை ஊன்றியவன் முதலிற் காண்பது யாதொன்றுமில்லை. அதன் முளை மேல்நோக்கி எழாது, மண்ணுட் கீழ்நோக்கிச் சென்று கிழங்காய்த் திரண்ட பின்னரே ஓலை வெளிப்படும். பின்னரும் பல்லாண்டு வடலியாய் நிற்கும். பாளை விடுதற்கு 12 முதல் 20 ஆண்டு வரையிற் செல்லும். அதுகாறும் அது ஆண்பனையோ பெண்பனையோ என்பதும் புறத்தோற்றத்தால் அறியலாகாது. கிழங்கு இறங்கிற்றோ எனக் கொட்டையைக் கிளறிப் பார்ப்பவன் பனையை இழப்பான்.

வழிபாட்டில் நெடுநாள் நின்றும் பயன் காணாது வருந்துவோர் நிலை இதனை ஒப்பது. திசையன்விளைக்கு அணித்தாய உவரிக் கடற்கரையில், ஓலைப்பெட்டியிற் கடல்மண் சுமந்து சுயம்புலிங்கசுவாமிக்கு நேர்ச்சை செலுத்தும் அடியார் பலர். அவருள், ‘இத்தனை சுமந்தும் அருள் வந்திலதே’ என நெஞ்சுள் எண்ணாதார் எத்துணையர்? இவ்வினாவைச் சித்தாந்தம் இகழ்வதில்லை, விடை கூறுகின்றது.

ஆன்மா மலப்பிணிப்பினின்று நீங்குதற்கு மலபரிபாகம் வேண்டும். மலம் சடமாகலின், பனைபோற் பருவம் வந்துழித் தானே முதிர்வதன்று. முதிர்விப்பது இறைவனது சத்தியேயாம். அதனை அவ்வுவமை காட்டாது. கண்ணிற் படலமுற்றானை மருத்துவன் உடனே தொடாது, படலம் முதிருந்துணையும் காத்து நீக்குதலை முன்னையோர் ஈண்டு உவமை கூறுவர். நோயாளிக்கு அந்நாள் முழுதும் இருளே. மருத்துவனுக்கோ அது சிகிச்சையின் ஒரு பகுதி. அங்ஙனமே மலத்தைத் தொழிற்படுத்தி, ஆன்மாவுக்குத் தன்னை மறைத்து நிற்கும் சத்தியைத் திரோதான சத்தி என்றும், அது மலமெனப்படுதல் உபசாரமே என்றும் நூல்கள் கூறும். மறைப்பும் அருளே. பரிபாகம் வந்துழி அச்சத்தியே மறைத்தலை ஒழிந்து அருட்சத்தியாய்ப் பதிவது சத்திநிபாதம். ஆகலின் காத்திருக்கும் காலம் அருள் இல்லாத காலமன்று. அருள் தன்னைக் காட்டாது தொழில் செய்யும் காலமாம்.

அற்றேல் அடியவன் செய்யக்கிடந்தது யாதெனின், இருவினையொப்பு என்க. இதனை, நல்வினையும் தீவினையும் துலாக்கோலின் இருதட்டுப்போல் அளவால் ஒத்துக் கழிதல் என்பாரும் உளர். பொருநைக் கரை விக்கிரமசிங்கபுரத்துத் தோன்றி, 1785இல் மறைந்த சிவஞான முனிவர் அதனை உடன்படார். இருவினையினும் அவற்றின் பயனினும் உவர்ப்பு நிகழ்ந்து, ஒருவனது அறிவின்கண் அவை ஒப்பத் தோன்றுதலே ஒப்பு என்பது அவர் கொள்கை. இது பெரியதொரு வேறுபாடு. அளவொப்பாயின் கணக்கிட்டிருத்தல் தகும். அறிவொப்பாயின் கணக்கை விடுதலே பொறுமையாம். சுமந்த பெட்டிகளை எண்ணி விலையாக நீட்டுவோன் இன்னும் ஒரு தட்டையே நோக்குகின்றான். ‘பரிபாகம் அவன் செயல்; யான் வாளாவிருப்பல்’ என்பாரும் பிழைத்தார். சரியை கிரியைகளை விட்டார்க்குப் பொறுமை என்னும் பெயர் சோம்பலை மறைக்கும் போர்வையேயாம்.

பொருநைக் கரைத் திருவைகுண்டத்துக் குமரகுருபரர் வரலாறு இதற்குத் தக்க சான்று. ஐயாண்டளவும் வாய்பேசாதிருந்த அவரைப் பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்று நோன்பிருந்தனர். முருகன் அருளாற் பேச்சு வந்ததென்பர். அவ்வாக்கு எவர் முன்னர்த் தடைப்படுமோ அவரே குரு என்பதும் அவர்க்கு உணர்த்தப்பட்டதாம். தருமபுரத்து மாசிலாமணி தேசிகர், தில்லைக் கூத்தனைக் கண்ட சுந்தரர் நிலையை உரைக்கும் பெரியபுராணச் செய்யுளின் அனுபவப்பொருளை வினவ, பெரும்புலவரான அவர் நாவெழாது நின்றார். குரு கிடைத்தார், எனினும் துறவு உடனே கிடைத்திலது. காசிக்குச் சென்று வருக எனப் பணித்த தேசிகர், அவர் பிரிவாற்றாமை கண்டு, சிதம்பரவாசம் செய்க எனக் குறைத்தருளினார். வழியிற் புள்ளிருக்குவேளூரில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும், சிதம்பரத்தில் மும்மணிக்கோவையும் செய்யுட்கோவையும் தோன்றின. பின்னரே தருமபுரம் மீண்டு துறவு பெற்றார், காசிக்கும் சென்றார்.